வயது வந்தோருக்கான பாதுகாப்பான சுய இன்பம்: தயாரிப்பு முதல் மருத்துவமனை வரை முழுமையான வழிகாட்டி

இவ்வழிகாட்டி 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமானது. பால்வினை நோய்ப் பிரிவின் ஆலோசனை அறையில் பல ஆண்டுகள் உட்கார்ந்து கேட்டவற்றைக் கொண்டு இதை எழுதுகிறேன். எரிச்சல், வெடிப்பு, வீக்கம் என்று வந்தவர்களில், அழுக்கினால் பாதிக்கப்பட்டவர்களைவிட அவசரத்தாலும் அளவுக்கு மீறிய சுத்தத்தாலும் பாதிக்கப்பட்டவர்களே அதிகம். ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது. ஒவ்வொன்றும் அந்த இடத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு.

1. தள்ளிப்போட வேண்டிய நாட்கள்

முதலில் இன்றைக்குச் செய்யலாமா என்று பார்க்க வேண்டும். பிறப்புறுப்பில் புண், கொப்புளம், வெடிப்பு, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், அது ஆறும்வரை காத்திருங்கள். உராய்வு புண்ணைப் பெரிதாக்கும். அக்கி போன்ற தொற்றாக இருந்தால், கை வழியாக உடலின் வேறு இடத்துக்கும், குறிப்பாகக் கண்ணுக்கும், அது பரவலாம்.

பிளேடால் முடி மழித்த அன்றே தொடங்குவது பலர் செய்யும் தவறு. மழித்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும்; ஓரிரு நாள் இடைவெளி விடுங்கள்.

கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகத் தடையில்லை. ஆனால் நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகவோ, குறைப்பிரசவ அபாயம் இருப்பதாகவோ மருத்துவர் சொல்லியிருந்தால், அவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம்வரை யோனிக்குள் எதையும் செலுத்தாதீர்கள். மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்றவர்கள் மருத்துவரின் அனுமதி பெற்ற பிறகே தொடங்க வேண்டும். இரண்டு மாடிப் படிகளை நெஞ்சு வலியின்றி, கடுமையாக மூச்சு வாங்காமல் ஏற முடிகிறதா என்பதை அவரும் பெரும்பாலும் கேட்பார்.

மாதவிடாய் நாட்களில் செய்யலாம்; சிலருக்கு வயிற்றுவலிகூட அதனால் குறைவதுண்டு. உள்ளே டாம்பூனோ மாதவிடாய்க் கோப்பையோ இருந்தால் அதை முதலில் எடுத்துவிட வேண்டும்.

2. தனிமையும் நேரமும்

கூட்டுக் குடும்பத்தில், ஒரே குளியலறை உள்ள வீட்டில், கதவை யாரோ தட்டிவிடுவார்கள் என்ற பதற்றத்தோடு இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொள்வதே பலருக்குப் பழக்கமாகிவிடுகிறது. ஆலோசனை அறையில் நான் கேட்ட காயக் கதைகளில் பெரும்பாலானவை இந்த அவசரத்தில்தான் தொடங்கின. கையில் எது அகப்படுகிறதோ அதைப் பூசுவதும், உலர்ந்த தோலை வேகமாகத் தேய்ப்பதும், முடிந்ததும் கழுவாமல் வெளியே வருவதும் ஒன்றின் பின் ஒன்றாக நடக்கின்றன.

தாழ்ப்பாள் உள்ள அறையும், யாரும் தேடாத இருபது நிமிடமும் அமையும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அமையாவிட்டால் அன்றைக்கு விட்டுவிடலாம். தள்ளிப்போடுவதால் உடலுக்கு எந்தக் கெடுதியும் இல்லை. ஈரமான குளியலறைத் தரையில் நின்றபடி செய்வதைவிடப் படுக்கையில் ஒரு பழைய துண்டை விரித்துக்கொள்வது நல்லது, வழுக்கி விழும் ஆபத்து இராது.

தேவையானவை: நகவெட்டி, சோப்பு, சுத்தமான துண்டு, வழுக்கு ஜெல், டிஷ்யூ தாள் அல்லது பருத்தித் துணி, விருப்பமிருந்தால் ஆணுறை. இவை அனைத்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். பாதியில் எழுந்து தேடுபவர் மேசையில் இருக்கும் ஏதாவது ஒரு குப்பியைத்தான் எடுத்து வருவார்.

3. முதலில் நகம், பிறகு கை

வரிசை முக்கியம். கையைக் கழுவிவிட்டு நகம் வெட்டினால், நகத்துக்கு அடியில் இருந்த அழுக்கு மறுபடி விரலுக்கு வரும்.

நகத்தைத் தோல் மட்டத்துக்கு வெட்டி, முனையை ராவி மழுங்கச் செய்யுங்கள். வெட்டினால் மட்டும் போதாது; புதிதாக வெட்டிய நகத்தின் ஓரம் பழையதைவிடக் கூர்மையாக இருக்கும். சோதிக்க ஓர் எளிய வழி: பழைய நைலான் துப்பட்டாவின் மேல் விரல் நுனியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். துணியின் இழை எங்கேயாவது சிக்கினால், அந்த இடம் யோனியின் உட்சுவரையும் முன்தோலையும் கீறும். சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும்வரை ராவுங்கள்.

பிறகு இரு கைகளையும் சோப்பு போட்டுக் குறைந்தது 20 விநாடி கழுவுங்கள். விரலிடுக்குகளையும் நகக்கண்களையும் விட்டுவிடாதீர்கள். மோதிரங்களைக் கழற்றிவிட வேண்டும்; அவற்றின் அடியில்தான் அழுக்கு தங்கும்.

இங்கே நம் சமையலறைக்கே உரிய ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். பச்சை மிளகாய் நறுக்கிய கை, மிளகாய்த்தூளில் மீனைப் புரட்டிய கை, தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் சுத்தமாகாது. காரத்துக்குக் காரணமான கேப்சைசின் நீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். ஆகவே முதலில் சிறிது சமையல் எண்ணெயைக் கையில் தேய்த்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பால் இரண்டு முறை கழுவுங்கள். கழுவிய விரலை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். உறைத்தால் அன்று தொடவே வேண்டாம். தலைவலித் தைலம், மூட்டுவலிக் களிம்பு பூசிய கைக்கும் இதே விதிதான். அவற்றிலுள்ள கற்பூரமும் மென்தாலும் நெற்றியில் தரும் குளிர்ச்சி, மென்மையான சவ்வில் தீயாக எரியும். அப்படி எரிந்தால் பதறாமல் முதலில் எண்ணெயோ பாலோ தடவித் துடைத்து, பிறகு மிதமான சோப்பாலும் குளிர்ந்த நீராலும் வெளிப்புறத்தைக் கழுவுங்கள். வெந்நீர் எரிச்சலைக் கூட்டும்.

4. உறுப்பைக் கழுவுதல்: எது போதும், எது அதிகம்

ஆண்கள் முன்தோலை வலியில்லாத அளவுக்குப் பின்னால் தள்ளி, அடியில் சேர்ந்திருக்கும் வெள்ளைப் படிவை வெதுவெதுப்பான நீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, முன்தோலை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். முன்தோல் பின்னுக்கு வராவிட்டால் பலவந்தம் செய்யாதீர்கள். கிழிந்து ஆறும் தழும்பு அதை மேலும் இறுக்கிவிடும். அதற்குக் களிம்பு முதல் சிறு அறுவைச் சிகிச்சை வரை தீர்வுகள் உள்ளன.

முன்தோலின் விளிம்பில் அடிக்கடி வெடிப்பும் அரிப்பும் வந்தால், அதைக் கைப்பழக்கத்தின் தண்டனையாக நினைத்து மறைக்காமல் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். சர்க்கரை நோய் இருப்பதை முதலில் காட்டிக் கொடுத்த அறிகுறி பலருக்கு இதுவாகவே இருந்திருக்கிறது.

பெண்கள் வெளிப்புற மடிப்புகளை நீரால் கழுவினால் போதும். யோனியின் உட்புறம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அங்குள்ள நல்ல பாக்டீரியாக்கள் அமிலத்தன்மையை, பிஎச் அளவில் சுமார் 3.8 முதல் 4.5 வரை, காத்து வருகின்றன. சோப்பையோ விளம்பரத்தில் வரும் வாசனைத் திரவத்தையோ உள்ளே செலுத்தினால் அந்தப் பாதுகாப்பு அழிந்து, எந்த நாற்றத்துக்குப் பயந்து கழுவினார்களோ அதே நாற்றம் தொற்றாக வந்து சேரும்.

கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றிக் கழுவிய ஓர் இளைஞர் தோல் உரிந்து வந்தார். ஏன் ஊற்றினீர்கள் என்று கேட்டதற்கு, ‘பாவம் போகட்டும்னு’ என்றார். அவருக்குத் தொற்று எதுவுமே இருக்கவில்லை. இருந்த ஒரே நோய் அந்தத் திரவம் உண்டாக்கிய இரசாயனப் புண். கிருமிநாசினி, உப்பு, எலுமிச்சை, மஞ்சள் எதுவும் அங்கே வேண்டாம்.

5. வழுக்குப் பொருளைத் தேர்ந்தெடுத்தல்

உராய்வைக் குறைப்பதுதான் இந்தப் படியின் நோக்கம். தவறான பொருள் உராய்வைவிட அதிகக் கெடுதி செய்யும் என்பதால், இங்கே சற்று நின்று யோசியுங்கள்.

நீர் அடிப்படையிலான ஜெல் பெரும்பாலானோருக்குப் பொருந்தும். மருந்துக் கடைகளில் ‘லூப்ரிகன்ட் ஜெல்’ என்று கேட்டால் தருவார்கள். ஆணுறை அடுக்கியிருக்கும் இடத்திலேயே அது இருக்கும். ஆணுறையோடும் எல்லா வகைக் கருவிகளோடும் அது ஒத்துப்போகும், தண்ணீரில் எளிதாகக் கழுவப்படும். விரைவில் உலர்வது அதன் குறை. உலர்ந்தால் மேலும் கொஞ்சம் ஜெல்லோ சில துளித் தண்ணீரோ சேர்த்துக்கொள்ளலாம். குளிர்ச்சி, சூடு, வாசனை என்று அச்சிட்டிருப்பதைத் தவிருங்கள். சிலருக்குக் கிளிசரின் உள்ள ஜெல் அரிப்பைத் தரும். அவர்கள் கிளிசரின் இல்லாததைத் தேட வேண்டும்.

சிலிகோன் ஜெல் நீண்ட நேரம் உலராது, ஆனால் சிலிகோனால் செய்த கருவியின் மேற்பரப்பைப் பிசுபிசுப்பாக்கிக் கெடுத்துவிடும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஆண்கள் வெளித்தோலில் பயன்படுத்துவதற்குச் சுத்தமான, வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெய் போதும். கூந்தலுக்கென்று மூலிகையும் நறுமணமும் சேர்த்த எண்ணெய் கூடாது. எந்த எண்ணெயும் சாதாரண லேடெக்ஸ் ஆணுறையைச் சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கிவிடும் என்பதால் இரண்டையும் சேர்க்கக் கூடாது. யோனிக்குள் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ எளிதில் வெளியேறாமல் தங்கிவிடுவதால், அடிக்கடி தொற்று வரும் பெண்கள் இரண்டையும் தவிர்ப்பதே சரி.

சோப்பு நுரை, ஷாம்பு, பற்பசை, முகத்துக்குப் பூசும் கிரீம் ஆகியவற்றை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். குளியலறையில் கைக்கு முதலில் கிடைப்பது சோப்புதான். அது சிறுநீர்த் துவாரத்துக்குள் சென்றால் இரண்டு மூன்று நாள் எரியும், ஆலோசனைக்கு வந்தவரோ தமக்கு நோய் தொற்றிவிட்டது என்று பயந்துகொண்டிருப்பார். எச்சில் சீக்கிரம் உலர்ந்துவிடும், வாயிலுள்ள கிருமிகளையும் எடுத்துச் செல்லும்.

மரத்துப்போகச் செய்யும் ஸ்ப்ரேயும் களிம்பும் இன்னொரு பொறி. வலி என்பது உடல் தரும் எச்சரிக்கை. அது தெரியாமல் போனால் தோல் கிழிவதும் தெரியாது.

6. அழுத்தம், வேகம், நிலை

மெதுவாகத் தொடங்குங்கள். பெண்களுக்கு உடல் கிளர்ச்சியடைந்து இயல்பான ஈரம் சுரக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதற்கு முன் எதையும் உள்ளே செலுத்தினால் வலிக்கும். பெரும்பாலான பெண்களுக்கு இன்பத்தின் மையம் வெளியே உள்ள கிளிட்டோரிஸ் என்ற சிறு மொட்டு என்பதால், உள்ளே எதையும் செலுத்த வேண்டிய கட்டாயமே இல்லை. நேரடித் தொடுதல் கூச்சமோ வலியோ தந்தால் மெல்லிய பருத்தித் துணியின் மேலாகவோ பக்கவாட்டிலோ தொடலாம். வயதாகி மாதவிடாய் நிரந்தரமாக நின்ற பிறகு ஈரம் குறைவது இயல்பு. ஜெல் போதாவிட்டால் மகப்பேறு மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் கிரீம் பற்றிச் சொல்வார்.

‘கன்னிச்சவ்வு’ பற்றிய பயத்தோடு வருகிற பெண்கள் பலர். அது வாயிலை அடைத்திருக்கும் கதவன்று. ஓரமாக அமைந்த, ஆளுக்கு ஆள் வடிவம் மாறும் திசு. அதைப் பார்த்து ஒரு பெண்ணின் அனுபவத்தை எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

ஆண்களிடம் காணும் பிழை வேறு. கையை முஷ்டியாக இறுக்கி மிக வேகமாகச் செய்வது, அல்லது குப்புறப் படுத்து மெத்தையில் தேய்ப்பது, நாளடைவில் உடலை அந்த அழுத்தத்துக்கு மட்டுமே பழக்கிவிடும். திருமணத்துக்குப் பிறகு துணையோடு உச்சம் வரவில்லை என்று வருபவர்களிடம் இந்தப் பழக்கத்தைப் பற்றி நான் தவறாமல் கேட்பேன். ஜெல்லைக் கூட்டி, பிடியைத் தளர்த்தி, கையை மாற்றி, சில வாரங்கள் பொறுமையாக இருந்தால் உணர்வு பெரும்பாலும் திரும்பும். விறைத்த உறுப்பை வளைத்தோ, கீழ்நோக்கி அழுத்தியோ, சொடுக்கெடுப்பது போலத் திருகியோ பார்க்காதீர்கள். உள்ளிருக்கும் உறை கிழியலாம்.

குளியலறையின் கைத்தூவாணியை (ஹேண்ட் ஷவரை) பயன்படுத்துவோர் முதலில் தண்ணீரைக் கையில் பிடித்துச் சூட்டைப் பார்க்க வேண்டும், கீசர் உள்ள வீடுகளில் இது கட்டாயம். வேகத்தைக் குறைத்து வெளிப்புறத்தில் மட்டுமே படும்படி பிடியுங்கள். உள்ளே பீய்ச்சக் கூடாது.

7. கருவி பயன்படுத்துவோருக்கு

மருத்துவத் தரச் சிலிகோன், கடினப் பிளாஸ்டிக், துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றில் நுண்துளைகள் இல்லை, கழுவினால் சுத்தமாகும். ஜெல்லி போன்று குழைவாக, கடும் பிளாஸ்டிக் வாடையுடன் வருபவற்றில் துளைகள் இருக்கும். அவற்றின் மேல் ஒவ்வொரு முறையும் புதிய ஆணுறையைப் போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

பயன்பாட்டுக்கு முன்னும் பின்னும் மிதமான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி, முழுவதும் உலரவிட்டுத் துணிப் பையில் வையுங்கள். ஈரத்தோடு பாலிதீன் பையில் சுற்றிப் பீரோவின் அடியில் ஒளித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மோட்டார் இல்லாத முழுச் சிலிகோன் கருவியைக் கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுக்கலாம். மின்செருகியில் இணைத்தபடியோ, சார்ஜ் ஏறும்போதோ, ஈரக் கையோடோ எதையும் இயக்கக் கூடாது. பிறரோடு பகிரவும் வேண்டாம்.

ஆசனவாயில் பயன்படுத்தியதைக் கழுவாமல் யோனிக்குக் கொண்டு போகக் கூடாது. விரலுக்கும் இது பொருந்தும். குடலில் வாழும் பாக்டீரியாக்களே சிறுநீர்த் தொற்றின் முக்கியக் காரணம்.

8. எக்காலத்திலும் கூடாதவை

சிறுநீர்த் துவாரத்துக்குள் எதையும் செலுத்தாதீர்கள். பேனா ரீஃபில், ஒயர், குச்சி என்று உள்ளே போனவை சிறுநீர்ப்பைவரை நழுவி, அறுவைச் சிகிச்சையில்தான் வெளியே வரும்.

அடியில் அகன்ற பிடி இல்லாத எந்தப் பொருளும் ஆசனவாய்க்குள் போகக் கூடாது. அங்குள்ள தசைவளையம் பொருளை உள்ளே இழுத்துக்கொள்ளும். மலக்குடல் மேலே நீண்டு செல்வதால் பொருள் தானாகத் திரும்பாது. யோனியின் முடிவில் கருப்பை வாய் இருப்பதால் அங்கே பொருள் தொலைந்து போகாது என்றாலும், உடையக்கூடிய கண்ணாடி, மெழுகுவர்த்தி, தோல் சீவாத காய்கறி ஆகியவை காயம் செய்யும், தொற்றும் தரும்.

பாட்டில் கழுத்து, இரும்பு நட்டு, வளையல், ரப்பர் பேண்டு ஆகியவற்றை ஆணுறுப்பில் மாட்டாதீர்கள். இரத்தம் உள்ளே வரும், வெளியேறாது. வீக்கம் ஏற ஏறக் கழற்றவே முடியாது. இதற்கென்றே விற்கும் நெகிழும் வளையத்தைக்கூட 30 நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது, அதோடு தூங்கவும் கூடாது.

கழுத்தை இறுக்குவதோ மூச்சை அடைப்பதோ தனியாக இருக்கும்போது உயிரையே கொன்றுவிடும். அதற்குப் பாதுகாப்பான முறை என்று ஒன்று கிடையாது.

விறைப்புக் குறைபாட்டுக்குத் தரும் சில்டெனாஃபில் மாத்திரையை நண்பர் கொடுத்தார், கடைக்காரர் கொடுத்தார் என்று விழுங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவருக்கு இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியும். ‘மூலிகை’ என்று விற்கும் வீரியப் பொடிகள் சிலவற்றிலும் இதே மருந்து கலந்திருந்து பிடிபட்டிருக்கிறது.

9. முடிந்த பிறகு

முதல் வேலை, முன்தோலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. பின்னால் தள்ளிய நிலையிலேயே விட்டுத் தூங்கிவிட்டால், அது கயிறு போல இறுகி முனையை வீங்கச் செய்யும். அடுத்து சிறுநீர் கழியுங்கள்; சிறுநீர்த் துவாரத்தருகே வந்த கிருமிகள் வெளியேற, குறிப்பாகப் பெண்களுக்கு, இது உதவும். பிறகு வெளிப்புறத்தை நீரால் கழுவி, பெண்கள் முன்னிருந்து பின்னாக, ஒற்றித் துடைத்து, பருத்தி உள்ளாடை அணியுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு நைலான் உடை அணிவது தொடையிடுக்கில் படர்தாமரையை வரவழைக்கும்.

ஆணுறையையும் டிஷ்யூவையும் தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். கழிப்பறையில் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும், பிறகு தனிமை எங்கே இருக்கப் போகிறது? கடைசியாக மீண்டும் கை கழுவுங்கள்.

10. எத்தனை முறை என்ற கேள்வி

மருத்துவம் எண்ணிக்கை எதையும் விதிக்கவில்லை. தோல் புண்ணாகும் அளவுக்குப் போவது, வேலையும் படிப்பும் உறவும் கெடுவது, நிறுத்த நினைத்தும் மாதக்கணக்கில் முடியாமல் போவது ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை. அப்போது மனநல மருத்துவரையோ, 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணையோ அணுகலாம்.

ஒரு துளி விந்து இத்தனை துளி இரத்தத்துக்குச் சமம் என்ற கணக்கு உண்மையன்று. ஒருமுறை வெளியேறுவது சுமார் 2 முதல் 5 மில்லிலிட்டர். பெரும்பகுதி நீர், மீதி சிறிதளவு சர்க்கரையும் புரதமும் உப்புகளும் உயிரணுக்களும். உடல் அதைத் தொடர்ந்து உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. நரம்புத் தளர்ச்சி, முதுகெலும்புத் தேய்வு, உறுப்பு சிறுத்தல் எதுவும் இதனால் வருவதில்லை. சோர்வு இருந்தால் தூக்கம், இரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றைப் பாருங்கள். மாதம் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் ‘வைத்தியர்’ ஆயிரக்கணக்கில் வாங்கும் பணம் இந்தப் பயத்தின் விலைதான்.

11. மருத்துவமனைக்கு எப்போது, அங்கே என்ன சொல்வது

உடனே 108-ஐ அழைக்கவோ அவசரப் பிரிவுக்குச் செல்லவோ வேண்டியவை: ‘டப்’ என்ற ஓசையோடு விறைப்பு சட்டென இறங்கி உறுப்பு நீலமாக வீங்குவது, நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காத விறைப்பு, முன்னுக்கு வராத முன்தோல், கழற்ற முடியாத வளையம், உள்ளே சிக்கிய பொருள், பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தம், நெஞ்சு வலி, உச்சத்தின்போது முதல் தடவையாக இடி விழுந்தாற்போல் வரும் கடும் தலைவலி. விந்தில் ஒருமுறை இரத்தம் கலந்து வருவது இளைஞர்களுக்குப் பெரும்பாலும் தானே சரியாகும். மீண்டும் வந்தாலோ, 40 வயதைக் கடந்தவரானாலோ சிறுநீரக அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சிக்கிய பொருளை வீட்டில் இடுக்கி கொண்டு எடுக்க முயலாதீர்கள், பேதி மாத்திரையும் எடுக்காதீர்கள். இரண்டுமே குடலைக் கிழிக்கக்கூடும்.

ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் விவரம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ‘தனிப்பட்ட பிரச்சினை, மருத்துவரிடம் சொல்கிறேன்’ என்றால் போதும். ஆனால் மருத்துவரிடம் வழுக்கி விழுந்ததாகக் கதை சொல்லாதீர்கள். அவர் அதை நம்பித் தவறான இடத்தில் எக்ஸ்ரே எடுத்து ஒரு மணி நேரம் வீணாகலாம். அவருக்குத் தேவை மூன்று தகவல்கள்: என்ன பொருள், எத்தனை மணிக்கு, என்ன மாத்திரை எடுத்தீர்கள். பொருளின் அட்டைப்பெட்டி இருந்தால் கையோடு கொண்டு செல்லுங்கள், நீளமும் பருமனும் அதில் அச்சிட்டிருக்கும். வழியில் காபிகூடக் குடிக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், வயிறு நிறைந்திருப்பதற்காகவே சிகிச்சை பல மணி நேரம் தள்ளிப்போகக்கூடும்.